சின்னக் கடை வெப்சைட் கூகுள்ல வரமாட்டேங்குதா? என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதிலும்

கோவைல சின்னச் சின்ன கடைங்களுக்கு வெப்சைட் பண்ணிக் குடுக்கறதுதான் என் தொழில். கிரைண்டர் ரிப்பேர், பம்ப் ஸ்பேர்ஸ், பேக்கரி, தையல் கடை, பாத்திரக் கடைன்னு பலதரப்பட்டவங்க. கேக்கறது மட்டும் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதுவும் ராத்திரி கடை சாத்திட்டு 10 மணிக்கு மேல வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா வரும். ஒவ்வொருத்தருக்கா சொல்லும்போது ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதனால மொத்தத்தையும் இங்க எழுதி வெச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். உதாரணத்துக்கு அடிக்கடி ஒரு கிரைண்டர் கடை வரும், கணபதி பக்கம் இருக்கு, ஓனர் அண்ணன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், பேரு மட்டும் போடல.

1. தம்பி, இந்த எஸ்.இ.ஓ.ங்கறது என்ன, கூகுளுக்கு பணம் கட்றதா?

இல்லீங்கண்ணா. கூகுளுக்கு பணம் கட்டினா அது விளம்பரம், "ஸ்பான்சர்டு"ன்னு போட்டு வரும், பணத்தை நிறுத்துன அன்னிக்கே அதுவும் நின்னுரும். மத்தபடி சாதாரணமா வர்ற ரிசல்ட்டுக்கு யாரும் பணம் கட்ட முடியாது. விளம்பரம் குடுத்தா இந்த ஃப்ரீ ரிசல்ட்லயும் சேர்த்து ஏத்தி விடுவாங்கன்னு நிறைய பேர் நம்பறாங்க, அப்படி கிடையாது, ரெண்டும் தனித்தனி.

கூகுள் மூணு வேலை பண்ணுது. முதல்ல கூகுள்பாட்டுன்னு அதோட ஒரு ப்ரோக்ராம், லிங்க் லிங்க்கா புடிச்சு பேஜ் பேஜா போய் படிக்குது. படிச்சதை இன்டெக்ஸ்ல எழுதி வெச்சுக்குது, நம்ம கடைல கணக்கு எழுதற பேரேடு இருக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. அப்புறம் யாராவது தேடினா அந்த பேரேட்டுலருந்து பொருத்தமானதை எடுத்து வரிசைப்படுத்தி காட்டுது. நீங்க தேடற அந்த நொடில அது இன்டர்நெட் பூரா ஓடிப்போய் பாக்கறதில்ல, ஏற்கனவே எழுதினதைத்தான் புரட்டுது. இந்த மூணும் நம்ம சைட்டுக்கு தடங்கல் இல்லாம நடக்க வழி பண்றதுதான் எஸ்.இ.ஓ., அதாவது சர்ச் இன்ஜின் ஆப்டிமைசேஷன்.

2. சைட் போட்டு ஒரு மாசம் ஆச்சு, கடை பேரை அடிச்சாக்கூட வரல. என்ன தப்பு?

முதல்ல பேரேட்டுல ஏறிச்சான்னு பாருங்க. கூகுள்ல தேடற இடத்துல இங்கிலீஷ்ல "site"னு அடிச்சு, பக்கத்துல ஒரு கோலன் (:) போட்டு, ஸ்பேஸ் விடாம உங்க டொமைன் பேரை, அதாவது சைட் அட்ரஸை அடிங்க. உங்க பேஜ் ஏதாவது வந்தா ஏறியிருக்கு, பிரச்சனை வரிசைலதான். ஒண்ணுமே வரலைன்னா இன்னும் உள்ளயே போகலைன்னு எடுத்துக்கலாம்.

உள்ள போகாததுக்கு நான் அதிகமா பாத்த காரணம் ஒரே ஒரு டிக்தான். பல சைட் வேர்ட்பிரஸ்ங்கற சாஃப்ட்வேர்லதான் கட்டறது, அதோட செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல சர்ச் இன்ஜின் வரவேண்டாம்னு சொல்ற ஒரு பாக்ஸ். வேலை நடக்கும்போது டெவலப்பர் அதை டிக் பண்ணி வெப்பாங்க, அது சரிதான், பாதி கட்டின வீட்டை ஊர்க்காரங்க வந்து பாக்க வேண்டாமே. லைவ் பண்ணும்போது எடுக்க மறந்துருவாங்க. ஒரு தையல் கடை அக்கா 7 மாசம் அப்படியே இருந்தாங்க, விசிட்டிங் கார்டு, பில் புக்கு எல்லாத்துலயும் சைட் அட்ரஸ் அடிச்சாச்சு, கூகுள்ல மட்டும் ஆளையே காணோம். டிக்கை எடுத்துட்டு, சைட் ஓனருக்குன்னு கூகுள் குடுக்கற சர்ச் கன்சோல்ல இன்டெக்ஸ் பண்ணச் சொல்லி ரிக்வெஸ்ட் குடுத்தோம், அந்த வாரமே வந்துருச்சு.

டிக் சரியா இருந்தும் வரலைன்னா, புது டொமைன், வெளில எங்கிருந்தும் அதுக்கு ஒரு லிங்க்கூட இல்ல, கூகுளுக்கு வழியே தெரியலைன்னு அர்த்தம். சைட்மேப்பை, அதாவது உங்க பேஜ் எல்லாத்தோட பட்டியலை சர்ச் கன்சோல்ல குடுங்க, கூகுள் மேப் லிஸ்டிங்ல சைட் அட்ரஸை சேருங்க.

3. சர்ச் கன்சோல்னு சொன்னீங்களே, அதுக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு பைசா கிடையாது. கூகுளே குடுக்கறது, முன்னாடி வெப்மாஸ்டர் டூல்ஸ்னு இருந்துச்சு, 2015ல பேரை மாத்தினாங்க. உங்க ஜிமெயில்ல போய் சைட்டை சேர்த்து, அது உங்களுதுதான்னு நிரூபிக்கணும். தெரியலைன்னா சைட் பண்ணவரை பக்கத்துல உக்கார வெச்சு செய்ங்க, ஆனா ஓனரா உங்க ஜிமெயில்தான் இருக்கணும், ஏன்னு 14வது பதில்ல சொல்றேன்.

அதுல பர்ஃபார்மன்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு. ஜனங்க என்ன வார்த்தை அடிச்சப்ப உங்க பேஜ் வந்துச்சு, எத்தனை பேர் க்ளிக் பண்ணாங்க, சராசரியா எத்தனாவது இடம்னு கடைசி 16 மாசத்துக்கு பாக்கலாம். வேற எந்த டூலுக்கும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதை வாரத்துக்கு 10 நிமிஷம் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றேன்.

4. கீவேர்டு கீவேர்டுங்கறாங்க, நான் என்ன கீவேர்டு போடணும்?

உங்க கடை போன்லதான் இருக்கு அது. கிரைண்டர் கடை அண்ணன் சைட்டை நான் முதல்ல பாத்தப்ப முகப்புல "தரமே எங்கள் தாரக மந்திரம், 25 ஆண்டு அனுபவம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்"னு மூணு வரி, மேல ஓடற படம், அவ்வளவுதான். இந்த வார்த்தைய அடிச்சு யார் தேடுவாங்க? ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் குடுத்து, போன்ல என்ன கேக்கறாங்களோ அதை அவங்க வார்த்தைலயே எழுதுங்கண்ணான்னு சொன்னேன். 2 வாரம் கழிச்சு போனா அந்த நோட்டுல மாவுக் கறையோட முக்கால்வாசி நிறைஞ்சிருக்கு.

"கல்லு வழவழன்னு ஆயிருச்சு, கொத்திக் குடுப்பீங்களா?" "2 லிட்டர் டேபிள் டாப், ஓடுது ஆனா மாவு அரைபட மாட்டேங்குது." "டில்டிங் கிரைண்டருக்கு பெல்ட்டு மட்டும் கிடைக்குமா?" "காயில் கட்ட எவ்வளவு ஆகும், இல்ல புதுசே வாங்கிரலாமா?" "வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போவீங்களா, 3வது மாடி, லிஃப்ட் இல்ல." "ஞாயித்துக்கிழமை கடை இருக்குமா?" இப்படியே பக்கம் பக்கமா.

இதுதாங்க கீவேர்டு. கல்லு கொத்தறதுக்கு தனியா ஒரு பேஜ், காயிலுக்கு ஒரு பேஜ், பெல்ட்டுக்கு ஒரு பேஜ்னு போட்டோம், ஒவ்வொண்ணுலயும் என்ன கோளாறு, எத்தனை நாள் ஆகும், தோராயமா எவ்வளவு, எந்த ஏரியா வரைக்கும் வந்து எடுப்பாங்கன்னு எழுதினோம். விலைய போட்டா போட்டிக் கடைக்காரர் பாத்துருவாரேன்னு அண்ணன் ரொம்ப தயங்கினார். அவர் ஒரு போன் பண்ணினா தெரிஞ்சுக்கப் போறார், ஆனா விலை தெரியாத கஸ்டமர் போனே பண்ணாம அடுத்த கடைக்கு போயிருவாங்கண்ணான்னு சொன்னேன், போட்டார். இன்னிக்கு வரைக்கும் அந்த சைட்ல அதிகம் பேர் பாக்கறது கல்லு கொத்தற பேஜ்தான். அதுல ரெண்டு போட்டோ, கொத்தறதுக்கு முன்னாடி கல்லு கண்ணாடியாட்டம் மினுங்குது, கொத்தின பின்னாடி அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா.

5. ஒரு பேஜ்ல அந்த வார்த்தை எத்தனை தடவை வரணும்?

அப்படி ஒரு கணக்கே இல்ல. நேர்ல ஒருத்தருக்கு சொல்ற மாதிரி எழுதினா தேவையான அளவு தானா வந்துரும். "கோவை கிரைண்டர் ரிப்பேர்"னு ஒரே பாராவுல 15 தடவை திணிச்சா அதை கூகுள் ஸ்பேம், அதாவது ஏமாத்து வேலைங்கற கணக்குலதான் சேர்க்கும், படிக்கற மனுஷனும் ஓடிருவான்.

6. மெட்டா கீவேர்டுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல 50 வார்த்தை போட்டா போதும்னு சொன்னாங்களே?

அந்த கட்டத்தை ரேங்க்குக்கு நாங்க பாக்கறதே இல்லைன்னு கூகுள் 2009லயே சொல்லிருச்சு. அதுக்கு இன்னமும் பில் போடறவங்க இருக்காங்கங்கறதுதான் எனக்கு வருத்தம்.

கவனிக்க வேண்டியது டைட்டில். கூகுள் ரிசல்ட்ல நீல கலர்ல பெருசா தெரியுமே, அது பெரும்பாலும் உங்க பேஜ் டைட்டில்லருந்துதான் வருது. பல கடை சைட்ல அது வெறும் "ஹோம்"னு இருக்கும். "வெட் கிரைண்டர் ரிப்பேர், கல் கொத்துதல் – கணபதி, கோவை"ன்னு மாத்தினா பாக்கறவங்களுக்கும் கூகுளுக்கும் ஒரே வரில விஷயம் புரியுது. ஒவ்வொரு பேஜுக்கும் தனி டைட்டில் வேணும். கீழ சின்ன எழுத்துல வர்ற டிஸ்கிரிப்ஷன் ரேங்க்கை ஏத்தாது, ஆனா அதைப் படிச்சுதான் க்ளிக் பண்ணலாமா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க, அதனால 2 வரி மனசு வெச்சு எழுதுங்க. சில நேரம் கூகுள் அதை விட்டுட்டு பேஜ்லருந்தே வேற வரிய எடுத்துப் போடும், அதுக்கு பயப்பட வேண்டாம்.

7. தமிழ்ல எழுதறதா இங்கிலீஷ்லயா? எங்க ஏரியா ஜனங்க தங்கிலீஷ்லதானே தேடறாங்க?

உங்க கஸ்டமர் யாருங்கறதைப் பொறுத்து. கிரைண்டர் கடை ரிப்போர்ட்ல மூணுமே இருக்கு. சரவணம்பட்டி பக்கம் ஐ.டி. வேலைக்கு வெளியூர்லருந்து வந்தவங்க இங்கிலீஷ்ல தேடறாங்க, நம்மாளுங்க தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறாங்க, வயசானவங்க மைக்கை அமுக்கி பேசறாங்க, அது தமிழ் எழுத்தா விழுது. தங்கிலீஷ்ல தனி பேஜ் எல்லாம் போட வேண்டாம், படிக்கறதுக்கே கொடுமையா இருக்கும், கூகுளும் அதை ஓரளவு புரிஞ்சுக்குது.

ரெண்டு மொழியும் வேணும்னா ரெண்டு தனி பேஜா போடுங்க, ஒண்ணுக்கொண்ணு லிங்க் குடுங்க, எந்த பேஜ் எந்த மொழின்னு கூகுளுக்கு சொல்ற எச்ரெஃப்லாங்னு ஒரு குறிப்பு இருக்கு, அதை டெவலப்பரை சேர்க்கச் சொல்லுங்க. மெஷின் ட்ரான்ஸ்லேஷனை அப்படியே ஒட்டாதீங்க, ஒரு தடவையாவது வீட்ல யாரையாவது வாய்விட்டு படிக்கச் சொல்லுங்க. ஒரு பேக்கரி சைட்ல கேக்கு டெலிவரிய "பிரசவம்"னு மாத்தி வெச்சிருந்துச்சு.

8. பேஜ்ல தமிழ் அழகா தெரியுது, ஆனா கூகுள்ல அந்த வார்த்தைய தேடினா வரவே இல்லையே?

இந்த பிரச்சனை நம்ம ஊருக்கே உரியது, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். உங்க பேஜ்லருந்து ஒரு வரிய காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க. அங்கயும் தமிழாவே வந்தா யூனிகோடு, நல்லது. இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ குப்பை மாதிரி வந்தா அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது. அந்த ஃபான்ட்ல உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் முகமூடி போட்டிருக்கு, கூகுள் முகமூடிய பாக்காது, உள்ள இருக்கறதைத்தான் படிக்கும். டி.டி.பி. சென்டர்ல நோட்டீஸுக்கு அடிச்ச மேட்டரை அப்படியே சைட்டுக்கு எடுத்தா இதான் நடக்கும். ஃபான்ட் மாத்தற கன்வெர்ட்டர் ஃப்ரீயாவே நிறைய இருக்கு, மாத்தினதும் ஒரு தடவை படிச்சுப் பாத்து பிழை திருத்திக்கோங்க.

இதுக்கு தம்பி மாதிரி இன்னொண்ணு, ஃப்ளெக்ஸ் டிசைனை ஜேபெக்கா சைட்ல போடறது. விலைப்பட்டியல், முகவரி, நேரம் எல்லாம் படத்துக்குள்ள. கண்ணுக்கு லட்சணமா இருக்கும், ஆனா படத்துக்குள்ள இருக்கற எழுத்தை நம்பி இருக்க முடியாது. படம் இருக்கட்டும், அதே விஷயத்தை கீழ டெக்ஸ்ட்டாவும் அடிங்க. போன் நம்பரை டெக்ஸ்ட்டா போட்டா கஸ்டமர் தொட்டவுடனே டயல் ஆகும், அந்த ஒரு லாபம் போதும்.

9. மேப்ல கடை வருதே, அது வெப்சைட்லருந்து வர்றதா?

அது தனி. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்னு பேரு, 2021 வரைக்கும் கூகுள் மை பிசினஸ்னு சொன்னோமே அதான். அதுவும் ஃப்ரீ. "பக்கத்துல கிரைண்டர் ரிப்பேர்"னு தேடினா மேப்போட வர்ற கடைங்க அதுலருந்துதான் வருது. அந்த வரிசைக்கு மூணு விஷயம் பாக்கறோம்னு கூகுளே எழுதியிருக்கு: தேடினதுக்கு கடை பொருந்துதா, தேடறவருக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம், கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது. தூரத்தை நம்மளால மாத்த முடியாது, அதனால சிங்காநல்லூர்ல நின்னு தேடறவருக்கு கணபதி கடை மேல வரலைன்னு மனசை விட்றாதீங்க.

நம்ம கைல இருக்கறது: சரியான கேட்டகரி, சரியான நேரம், பண்டிகை லீவை முன்கூட்டியே போடறது, நீங்களே எடுத்த நிஜ போட்டோ. பேரு போர்டுல என்ன இருக்கோ அதேதான் இருக்கணும், பேரோட "பெஸ்ட் கிரைண்டர் சர்வீஸ் கோயம்புத்தூர்"னு வால் ஒட்டறது விதிக்கு விரோதம், யாராவது ரிப்போர்ட் பண்ணினா லிஸ்டிங்கே முடங்கலாம். வீட்லருந்து தொழில் பண்றவங்க, அக்காமார் நிறைய பேர் கேப்பாங்க, வீட்டு அட்ரஸை மறைச்சுட்டு எந்த ஏரியாவுக்கு சர்வீஸ்னு மட்டும் காட்டலாம்.

10. அப்ப மேப் மட்டும் போதாதா, வெப்சைட்டுக்கு எதுக்கு செலவு?

என் பொழைப்பே வெப்சைட்தான், இருந்தாலும் உண்மைய சொல்றேன், டீக்கடைக்கும் சலூனுக்கும் மேப் போதும். தெருவுல இருக்கறவங்கதான் கஸ்டமர், அவங்களுக்கு வேண்டியது வழியும் நேரமும்.

ஆனா காரைக்குடி பக்கம் ஆத்தங்குடில டைல்ஸ் பண்றவரை எடுத்துக்கோங்க. கண்ணாடி மேல அச்சு வெச்சு கலரை ஊத்தி, மேல சிமென்ட்டும் மணலும் போட்டு, சூளையே இல்லாம வெயில்ல காயவெச்சு தண்ணில ஊற வெச்சு எடுக்கற டைல்ஸ். அதை வாங்கறவர் பெங்களூர்ல வீடு கட்டிட்டு இருப்பார். அவர் மேப்ல தேட மாட்டார், சதுரடி என்ன விலை, வழுக்குமா, பாலிஷ் போடணுமா, உடையாம வந்து சேருமான்னுதான் தேடுவார். அதுக்கெல்லாம் பதில் சொல்ல பேஜ் வேணும். இந்த மாதிரி தொழிலுக்கு இமேஜ் சர்ச்சும் முக்கியம், போட்டோ ஃபைல் பேரை கேமரா குடுத்த நம்பர்லயே விடாம என்ன டிசைன்னு வைங்க, ஆல்ட் டெக்ஸ்ட்ல படத்துல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. ஆத்தங்குடிய இங்கிலீஷ்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஸ்பெல்லிங்ல அடிப்பாங்க, நீங்க ஒண்ணை புடிச்சு அதையே எல்லா இடத்துலயும் வெச்சுக்கோங்க.

மேப் ப்ரொஃபைல்லயே கூகுள் ஒரு ஃப்ரீ சைட் குடுத்துட்டு இருந்துச்சே, அதை 2024 மார்ச்ல மூடிட்டாங்க. பழைய கார்டுல அந்த அட்ரஸ் இருந்தா மாத்திருங்க.

11. 5 ஸ்டார் ரிவ்யூ போட்டா 10 பர்சென்ட் தள்ளுபடின்னு போர்டு வைக்கலாமா?

கூடாது. ரிவ்யூவுக்கு பதிலா பணமோ தள்ளுபடியோ ஃப்ரீ பொருளோ குடுக்கறது கூகுள் விதிப்படி தப்பு, மச்சான் சித்தப்பான்னு சொந்தக்காரங்களை வெச்சு போடறதும் தப்பு. நம்ம நாட்டுலயும் 2022ல இந்திய தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு ஐ.எஸ். 19000ன்னு ஒரு தரவிதி கொண்டு வந்திருக்கு. கேக்கறது தப்பில்ல, வேலை முடிஞ்சு கிரைண்டரை ஏத்தி விடும்போது "நல்லா ஓடுதான்னு பாத்துட்டு நாலு வார்த்தை எழுதுங்க"ன்னு சொல்லி வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்புங்க, எல்லாருக்கும் அனுப்புங்க, சிரிச்ச முகமா போனவங்களுக்கு மட்டும் இல்ல.

மோசமான ரிவ்யூ வந்தா அன்னிக்கு ராத்திரி பதில் எழுதாதீங்க. அடுத்த நாள் காலைல, நடந்தது என்ன, நாம என்ன செய்யப் போறோம்னு ரெண்டு வரி. அதை எழுதினவரை விட, அடுத்து படிக்கப் போற நூறு பேருக்குத்தான் அந்த பதில்.

12. என் லேப்டாப்ல சைட் பறக்குதே, ஸ்லோன்னு ஏன் சொல்றீங்க?

உங்க லேப்டாப்ல இல்ல, 9000 ரூபா போன்ல, டவுன்ஹால் கூட்டத்துல நின்னு திறந்து பாருங்க. கூகுள் இப்ப மொபைல்ல தெரியற சைட்டைத்தான் படிச்சு பேரேட்டுல ஏத்துது, 2023லயே கிட்டத்தட்ட எல்லா சைட்டும் அப்படி மாறிருச்சு. பேஜ்ல பெரிய பகுதி 2.5 செகண்டுக்குள்ள வரணும், தொட்டா 200 மில்லிசெகண்டுக்குள்ள அசையணும், படிச்சிட்டு இருக்கும்போது எழுத்து கீழ மேல குதிக்கக்கூடாது, இதெல்லாம் அவங்க வெச்சிருக்கற அளவுகோல். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்னு கூகுளோட ஃப்ரீ பக்கத்துல உங்க அட்ரஸை போட்டா பாத்துக்கலாம்.

சின்னக் கடை சைட்ல முக்காவாசி குற்றவாளி போட்டோதான். கேமராலருந்து எடுத்த 6 எம்.பி. படத்தை அப்படியே ஏத்தியிருப்பாங்க. சைஸை குறைச்சு 200 கே.பி.க்குள்ள கொண்டு வந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. முகப்புல ஓடற ஸ்லைடரையும் தூக்கிருங்க, அதுக்காக யாரும் காத்திருந்து நான் பாத்ததில்ல. அட்ரஸ் பக்கத்துல "நாட் செக்யூர்"னு வந்தா, சைட்டுக்கும் பாக்கறவருக்கும் நடுவுல போற தகவலை பூட்டற எஸ்.எஸ்.எல். இல்லைன்னு அர்த்தம், லெட்ஸ் என்கிரிப்டுன்னு ஃப்ரீயாவே கிடைக்குது, சைட்டுக்கு இடம் குடுக்கற ஹோஸ்டிங்காரங்கள போடச் சொல்லுங்க, இதுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல கேட்டா ஏன்னு கேளுங்க.

13. எல்லாம் பண்ணிட்டேன், எத்தனை நாள்ல மேல வரும்?

மாற்றம் பண்ணி பலன் தெரிய 4 மாசத்துலருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஆகலாம்னு கூகுள்காரங்களே சொல்லியிருக்காங்க, என் அனுபவமும் அதேதான். 2வது கேள்வில இருக்கற டிக் மாதிரி அடைப்பு இருந்து எடுத்தா ஒரு வாரத்துலயே தெரியும். ஆனா போட்டி இருக்கற வார்த்தைக்கு பொறுமை வேணும். உங்க போன்லயே தேடித் தேடிப் பாத்து சந்தோஷப்படவோ வருத்தப்படவோ வேண்டாம், கடைக்குள்ள நின்னு தேடினா தூரம் பூஜ்யம், மேலதான் வரும். சர்ச் கன்சோல் நம்பரைப் பாருங்க.

14. மாசம் 5000 குடுத்தா முதல் இடம் காரண்டின்னு போன் பண்றாங்க, குடுக்கலாமா?

வேண்டாம். முதல் இடத்துக்கு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாதுன்னு கூகுள் தன்னோட உதவிப் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கு. "நாங்க கூகுள் பார்ட்னர்"னு சொன்னாலும் அது விளம்பரத் துறை சம்பந்தப்பட்ட அடையாளம், ஃப்ரீ ரிசல்ட்டுல ஏத்தற அதிகாரம் இல்ல. சிலர் சொன்ன மாதிரியே முதல் இடம் காட்டுவாங்க, எந்த வார்த்தைக்குன்னு பாத்தா உங்க கடைப் பேருக்கு, இல்ல யாருமே தேடாத ஒரு நீள வாக்கியத்துக்கு.

எஸ்.இ.ஓ. பண்றவங்க எல்லாரும் ஏமாத்தறவங்கன்னு சொல்லல, நேர்மையா உழைக்கறவங்க இருக்காங்க. அவங்ககிட்ட இந்த மாசம் என்ன பேஜ்ல என்ன மாத்தினீங்கன்னு கேட்டா பட்டியல் போட்டுக் காட்டுவாங்க. "அது டெக்னிக்கல், உங்களுக்கு புரியாது"ன்னு சொன்னா கிளம்பிருங்க.

இன்னொண்ணு. டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், மேப் ப்ரொஃபைல் நாலும் உங்க பேர்ல, உங்க மெயில்ல இருக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பேக்கரிக்காரர், டொமைனை சைட் பண்ணவர் தன்னோட பேர்ல எடுத்திருந்தார், சண்டை வந்து பிரிஞ்சப்ப 6 வருஷமா கேக்கு டப்பால அடிச்ச அட்ரஸ் கையை விட்டுப் போச்சு. புது டொமைன்ல பூஜ்யத்துலருந்து ஆரம்பிச்சோம், அவர் சம்சாரம் மீதியிருந்த டப்பாவுல எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிட்டு உக்காந்திருந்ததை பாத்தப்ப எனக்கு மனசே சரியில்ல.

15. 2000 ரூபாய்க்கு 1000 பேக்லிங்க் தர்றாங்களாம், வாங்கலாமா?

ஒரு சைட்டுக்கு மத்த சைட்லருந்து வர்ற லிங்க்கை சிபாரிசு மாதிரி எடுத்துக்கறதுதான் 1998ல லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளை ஆரம்பிச்சப்ப வெச்ச அடிப்படை, பேஜ்ரேங்க்குன்னு பேரு. அதனால சிபாரிசை காசுக்கு விக்க ஒரு கூட்டம் கிளம்புச்சு, அதைப் புடிக்க 2012ல பென்குவின்னு ஒரு அப்டேட்டே விட்டாங்க. ரேங்க்குக்காக லிங்க் வாங்கறது விக்கறது ரெண்டும் ஸ்பேம். அந்த 1000 லிங்க் எங்கிருந்து வருதுன்னு பாருங்க, சூதாட்ட சைட்டு, பேரே புரியாத நாட்டு டைரக்டரி.

உங்களுக்கு நியாயமா கிடைக்கக்கூடிய லிங்க் ஏற்கனவே இருக்கு, கேக்காம விட்டிருப்பீங்க. நீங்க டீலரா இருக்கற கம்பெனி சைட்ல டீலர் லிஸ்ட், உங்க வியாபாரிகள் சங்கத்து சைட்டு, ஸ்கூல் விழாவுக்கு ஸ்பான்சர் பண்ணினா அவங்க பக்கம். 5 லிங்க்னாலும் அது நிஜம்.

16. பீளமேடு, சிங்காநல்லூர், உக்கடம்னு ஏரியாவுக்கு ஒரு பேஜ், மேட்டர் ஒண்ணே, ஊர் பேரை மட்டும் மாத்திடலாமா?

வேண்டாங்க. இதை டோர்வே பேஜ்னு சொல்லி ஸ்பேம் விதில சேர்த்திருக்காங்க. அந்த ஏரியாவுக்குன்னு சொல்ல நிஜமா விஷயம் இருந்தா போடுங்க, அங்க கிளை இருக்கு, செவ்வாய் வெள்ளி வண்டி அந்தப் பக்கம் வரும், பிக்அப் இவ்வளவு ரூபாய்னு. இல்லைன்னா ஒரே பேஜ்ல ஏரியா பேரெல்லாம் ஒரு வாக்கியமா எழுதினா போதும்.

17. ஏஐ வெச்சு 100 ஆர்ட்டிகிள் போட்டா சீக்கிரம் மேல வருமா?

ஏஐ எழுதுச்சுங்கறதுக்காகவே கூகுள் தண்டிக்காது, யாருக்கும் பிரயோஜனம் இல்லாம ரேங்க்குக்காக குவிச்சாத்தான் பிரச்சனை, 2024 மார்ச்ல அதுக்குன்னே விதியை இறுக்கினாங்க. "கிரைண்டரின் வரலாறு"ன்னு 100 ஆர்ட்டிகிள் போட்டு என்ன ஆகப்போகுது? 4வது பதில்ல சொன்ன நோட்டுல இருக்கற கேள்விக்கு பதில் உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அதை வாய்ஸ்ல பேசி, எழுத்தா மாத்த, பிழை திருத்த ஏஐய வெச்சுக்கோங்க, தப்பே இல்ல.

18. சைட்டை புது டிசைன்ல மாத்தினேன், வந்துட்டு இருந்த ஆளும் வரல. என்னாச்சு?

பழைய பேஜ் அட்ரஸ் எல்லாம் மாறியிருக்கும். கூகுள் பேரேட்டுல பழைய அட்ரஸ் இருக்கு, அங்க போனா "404, பேஜ் இல்ல"ன்னு வருது. வீடு மாறும்போது போஸ்ட் ஆபீஸ்ல புது அட்ரஸ் எழுதிக் குடுப்போமே, அந்த மாதிரி ஒவ்வொரு பழைய அட்ரஸுக்கும் புது அட்ரஸைக் காட்டி 301 ரீடைரக்ட் போடணும். எல்லாத்தையும் முகப்புக்கே திருப்பி விட்டா வேலைக்கு ஆகாது, கல்லு கொத்தற பேஜ் புது கல்லு கொத்தற பேஜுக்குத்தான் போகணும். மாத்தறதுக்கு முன்னாடி சர்ச் கன்சோல்லருந்து அதிகம் க்ளிக் வர்ற பேஜ் லிஸ்டை டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோங்க. ஏற்கனவே மாத்திட்டீங்கன்னாலும் இப்பவே போடுங்க, லேட்டானாலும் பலன் உண்டு. 2வது கேள்வில சொன்ன டிக்கையும் ஒரு தடவை பாத்துருங்க, புது சைட்ல அது திரும்ப வந்து உக்காந்திருக்கும்.

19. எதையுமே மாத்தல, திடீர்னு பாதியா இறங்கிருச்சு. யாராவது சூனியம் வெச்ச மாதிரி இருக்கு.

பதட்டப்பட்டு எதையும் அழிக்காதீங்க. சர்ச் கன்சோல்ல மானுவல் ஆக்‌ஷன்ஸ்னு ஒரு இடம் இருக்கு, கூகுள் ஆளுங்களே பாத்து தண்டனை குடுத்திருந்தா அங்க எழுதியிருக்கும். ஒண்ணும் இல்லைன்னா அந்த தேதிய ஒட்டி கோர் அப்டேட், அதாவது கூகுள் வரிசைப்படுத்தற முறையையே பெருசா மாத்தறது, வந்துச்சான்னு பாருங்க, வருஷத்துக்கு சில தடவை வரும், அப்ப பலரோட வரிசையும் மாறும்.

அதுக்கும் முன்னாடி காலண்டரைப் பாருங்க. ஒரு பாத்திரக் கடைக்காரர், சீர் சாமான்தான் முக்கிய வியாபாரம், ஜூலை கடைசில பாதி ஆள் காணோம்னு போன் பண்ணார். இடம் இறங்கவே இல்ல, தேடறவங்கதான் குறைஞ்சிருக்காங்க, ஆடி மாசம், கல்யாணமே இல்ல. போன வருஷம் அதே மாசத்தோட ஒப்பிட்டுப் பாத்தா கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. எப்பவுமே போன மாசத்தோட இல்ல, போன வருஷம் அதே மாசத்தோட பாருங்க.

20. இப்ப கூகுளே மேல ஏஐ பதில் குடுத்துருது, இனிமே நம்ம சைட்டை யார் பாப்பாங்க?

ஏஐ ஓவர்வியூ நம்ம நாட்டுக்கு 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. "கிரைண்டர் கல்லு ஏன் வழவழன்னு ஆகுது" மாதிரி பொது கேள்விக்கு க்ளிக் குறையத்தான் செய்யும், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா 3வது மாடிலருந்து அந்த கல்லை இறக்கி, கொத்தி, திரும்ப ஏத்த ஒரு ஆள் வேணும், அந்த ஆளோட நம்பர், ஏரியா, விலை, நேரம் எங்கயாவது எழுத்துல இருந்தாத்தான் ஏஐயும் எடுத்துச் சொல்ல முடியும். தனியா புது வித்தை எதுவும் வாங்க வேண்டியதில்ல, 4லருந்து 9 வரைக்கும் சொன்னதேதான் இதுக்கும்.

கிரைண்டர் கடை அண்ணன் நோட்டை இன்னும் விடல, இப்ப 3வது நோட்டு ஓடுது. போன வாரம் புதுசா ஏறின கேள்வி, "மாவு அரைக்கும்போது கல்லுலருந்து மணல் மாதிரி வருது, கொத்தின உடனே இப்படித்தான் இருக்குமா?" கொத்தின கல்லுல முதல்ல தவிடோ பழைய அரிசியோ போட்டு ரெண்டு மூணு ஈடு அரைச்சு கொட்டணும், அதை எங்க பேஜ்ல எழுதவே இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை உக்காந்து சேர்க்கறோம்.